கிழிந்த ஐஸ் பை

எங்கள் பால் சென்டரில் லெக்டோமீட்டர் என் கையில் இருக்கிறது. பதினோரு வருடமாக இருக்கிறது. அது ஒரு கண்ணாடிக் குழாய். பாலில் விட்டால் மிதக்கும். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக அமிழும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் பார்த்து, வாசித்து, முகம் பார்க்காமல் சொல்வது என் வேலை. இதற்கு என்னை ஏன் பிடித்துப் போட்டீர்கள் என்று ஒருநாள் சங்கத் தலைவரிடம் கேட்டேன். நான் யாரையும் நம்பாதவள், அதனால்தான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பலாபத்வலையில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே வந்தால் ஒரு அறை, அதில் ஒரு மேசை, ஒரு குளிரூட்டும் டேங்க். சுற்றுவட்டாரத்தில் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிறவர்கள் காலையும் பின்னேரமும் பால் கொண்டுவருவார்கள். எனக்கு நாலு மாடு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் சங்கத்தில் இருக்கிறோம். கூட்டம் இரண்டு மொழியில் நடக்கும், சண்டை பெரும்பாலும் சிங்களத்தில். பின்னேரப் பால் டேங்கில் குளிர்ந்து கிடந்து, மறுநாள் காலை பால் கம்பனியிலிருந்து வரும் பவுசர் லொறியில் ஏறும்.

இது கரண்ட் இருக்கும்வரை சரி. மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய அந்தக் காலத்தில் டேங்க் ஒரு விலையுயர்ந்த அண்டாவாகிவிட்டது. பின்னேரப் பால் காலையில் புளித்திருக்கும். பவுசர்காரர் மூடியைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, மூடியை மூடுவார். ஜெனரேட்டர் இருந்தது. டீசல் இல்லை. கடைசியில் பின்னேரப் பாலை எடுப்பதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. மாடுகளுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை. அவை வழக்கம்போல பின்னேரமும் பால் தந்தன.

என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டம் போட்டோம். கொழும்பில் ஒரு சோலார் கம்பனியிலிருந்து மடிக்கணினியோடு ஒரு தம்பி வந்தார். சோலார் பேனல் போட்டு, மின்சாரத்தை பெட்டரியில் சேமிக்கலாம் என்றார். சாணத்தில் கேஸ் எடுக்கலாம் என்றார் இன்னொருவர். அதை எல்லோரும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். குழியை யார் வளவில் வெட்டுவது என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரின் வளவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஓடையில் சின்ன டர்பைன் வைப்பது பற்றியும் பேச்சு வந்தது. நாட்டில் தண்ணீர் வற்றும்போதுதான் கரண்ட் வெட்டுகிறான், எங்கள் ஓடையும் அதே மாதத்தில்தான் வற்றும். காற்றாலையை யாரும் கிட்டவும் எடுக்கவில்லை. எங்கள் பள்ளத்துக்குக் காற்று வருவதே கூரைத் தகரத்தைக் கழற்றத்தான்.

அப்போது பின்வரிசையிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவர் எழுந்தார். பல்லேபொல பக்கம் வீடு. முன்பு சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராக ஐஸ் பழம் விற்றவர். முழங்கால் போனதும் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு மாடு வாங்கினார்.

"பகல் முழுக்க வெயில் சும்மா கொட்டுது," என்றார். "அந்த வெயில்ல ஐஸ் போடுவோம். ராவைக்குப் பால ஐஸ் பாத்துக்கொள்ளும். பெட்டரி செத்தா செத்ததுதான். ஐஸ் உருகினா நாளைக்குத் திரும்பப் போடலாம்."

ஒரேஞ்சா ஸ்ட்ரோபெரியா என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். கொழும்புத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அப்படிச் சேமிப்பதும் உண்மையில் உள்ள முறைதான், ஆனால் தன் கம்பனி ஐஸ் விற்பதில்லை என்றார். பெட்டரி என்று முடிவானது.

அந்த மாதங்களில் எல்லோருடைய பாலும் பாதியாகிவிட்டது, நானாவின் பாலைத் தவிர. அவருடைய கேன் முன்போலவே நிறைந்து வந்தது. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அதைத் தூக்குவோம். பின்னேரப் பால் புளிக்கவில்லையா என்று கேட்டேன். வீட்டில் பழைய ஐஸ் பழப் பெட்டி இருக்கிறது, கரண்ட் உள்ள நேரத்தில் பொலித்தீன் பையில் தண்ணீர் கட்டி ஐஸாக்கி, பின்னேரப் பாலுக்குள் இறக்கி வைக்கிறேன் என்றார். கேட்க நல்ல கதையாக இருந்தது. நான் மீட்டரைப் போட்டேன். மீட்டர் அமிழ்ந்தது.

பை கிழிந்திருக்கும் என்றார். பையைக் காட்டுங்கள் என்றேன். வீட்டில் வீசிவிட்டாராம். முதல் தடவை என்று எச்சரித்து விட்டேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் அமிழ்ந்தது. சங்கத்தின் சட்டம் இரண்டு தடவைதான், அதற்குப் பிறகு அவர் பாலை எடுப்பதில்லை. பாலைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை அவர் பால் இல்லாமல், வெறும் பையோடு வந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பொலித்தீனை எடுத்து, மேசைமேல் விரித்து, மூலையில் இருந்த கிழிசலைக் காட்டினார். நான் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"பைய யாரும் கிழிக்கலாம் நானா," என்றேன்.

அவர் பொலித்தீனை மறுபடியும் மடித்தார்.

"இங்க பால் எடுக்காட்டி ஒரு மாட்ட விக்கத்தான் வேணும் தங்கச்சி. சின்னவ இப்பதான் பால் கூடி வாறா."

"அது ஒங்க விருப்பம். தண்ணிய நான் எடுக்க மாட்டேன்."

அவர் கத்தவில்லை. கும்பிடவும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் என் சந்தேகத்தை முடித்து வைத்தது. தப்புச் செய்யாதவன் கத்துவான், நான் என்றால் ஊரைக் கூட்டியிருப்பேன் என்று வீட்டில் சொன்னேன். அன்று இரவு சந்தோஷமாகச் சாப்பிட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரண்ட் வெட்டு குறைந்து, பின்னேரப் பாலையும் திரும்ப எடுக்கத் தொடங்கிய பிறகு பேனல்கள் வந்து சேர்ந்தன. சென்டர் கூரையில் பூட்டினார்கள். முதல் நாளே குரங்குகள் ஏறி உட்கார்ந்து, சூடு என்று கண்டு, இறங்கிப் போயின. பெட்டரி சுவரில் அழகாக இருந்தது. பல்பு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, போன் சார்ஜ் ஏறியது. டேங்கின் மோட்டரைப் போட்டால் மட்டும், ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் ஓடிவிட்டு நிற்கும். இரண்டாவது மழைக்காலத்தில் அதுவும் நின்றது. கொழும்புத் தம்பிக்குப் போன் போட்டோம். அவர் வெளிநாடு போய்விட்டிருந்தார்.

பேனல் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்த சங்கம், ஒரு பழைய பெட்டி பிரிட்ஜை வாங்கி அதில் மாட்டியது. பகலில் பைபையாக ஐஸ் கட்டுவது, கரண்ட் போனால் சீமெந்துத் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு, பால் கேன்களை அதற்குள் நிறுத்துவது. அருமையாக வேலை செய்தது. கூட்டக் குறிப்பில் இது செயற்குழுவின் யோசனை என்று எழுதினார்கள். நான் கையெழுத்து வைத்தேன். நானாவின் ஞாபகம் வந்தது. வந்ததை நான் உட்காரச் சொல்லவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் அடைமழையில் மரம் விழுந்து, கரண்ட் கம்பம் இரண்டாக முறிந்தது. பால் முழுவதும் ஏற்கெனவே டேங்கில் ஊற்றியாகிவிட்டது. திரும்ப எடுத்துத் தொட்டியில் நிறுத்த அவ்வளவு கேன் இல்லை. டேங்குக்கு வெளியே ஐஸ் வைத்தால் தகரத்துக்குத்தான் குளிரும். மற்றவர்கள் வாசலில் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். ஐஸ் பைகளை என் கையாலேயே கழுவினேன். ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு, கயிற்றில் கட்டி, பாலுக்குள் இறக்கினேன். பதினொரு பை. பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பால் ஜில்லென்று இருந்தது. புளிப்பு இல்லை, வாசனை இல்லை. பவுசர் வந்தது. அதில் வருகிற அதிகாரி ஒரு சிங்கள மகத்தயா, என்னை நோனா, அதாவது அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிட்டு அளந்து பேசுகிறவர். தன் மீட்டரை எடுத்து விட்டார். அமிழ்ந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப விட்டார். திரும்பவும் அமிழ்ந்தது. நான் என் மீட்டரைக் கொண்டுவந்து விட்டேன். பதினோரு வருடம் என்னோடு இருந்த மீட்டர், அவருடையதைவிட ஒரு கோடு கூடுதலாகவே அமிழ்ந்தது.

ஐஸ் பை கிழிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பையைக் காட்டுங்கள் என்றார். கயிறுகளை இழுத்தேன். எட்டுப் பைகள் கனமாக வந்தன. மூன்று பைகள் சொத்தென்று வெறுமையாக வந்தன. ஐஸ் கட்டியின் மூலை குத்திக் கிழித்திருந்தது. முடிச்சுகள் அப்படியே இருந்தன. மூன்றையும் மேசைமேல் விரித்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பையை யாரும் கிழிக்கலாம் நோனா," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த மேசையும் தெரியும், அந்த வார்த்தையும் தெரியும். நான் கத்தவில்லை. ஊரைக் கூட்டவில்லை. மூன்று பைகளையும் மடித்தேன். சரி என்றேன். பவுசர் வெறுமையாகப் போனது.

முழுப் பாலையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தோம். அந்தக் கிழமை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பாலைச் சீனியோடு வற்றக் காய்ச்சிச் செய்யும் பால் டொபிதான். தண்ணீர்ப் பால் வற்ற வெகுநேரம் எடுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி அடுப்படியில் நின்று கிளறிக் கிளறி என்னைத் திட்டியிருப்பாள். நேரில் ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. பை கிழிந்தால் அக்கா என்ன செய்வார், பாவம் என்றார்கள். நான் தண்ணீர் கலந்தேன் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

என் வீட்டுக்காரர் த்ரீவீலர் ஓட்டுகிறவர். கிழிந்த மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியில் ஏறினேன், பல்லேபொலைக்கு விடுங்கள் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பாதி வழியில், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீ செஞ்சா பை கிழிஞ்சிருச்சு. அந்த மனுசன் செஞ்சா தண்ணி."

வண்டியை நிறுத்தி இறங்கிவிடலாமா என்று இருந்தது. மழை பெய்தது. உட்கார்ந்திருந்தேன்.

நானா வீட்டு வாசலிலேயே இருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, பிளேன்டீ போடச் சொன்னார். பைகளை அவர் கையில் கொடுத்தேன். நான் செய்யாததை அவர் செய்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"மூலைதான்," என்றார். "எனக்கும் ரெண்டு தடவ இதேதான். பை சரிவராது. இப்ப நான் போத்தல்."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. முழுக்க நிரப்பக் கூடாது, கழுத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும், ஐஸ் ஊதும் என்று எனக்கு விளக்கினார். எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. அவருக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் தெரிந்தது. இரண்டு கட்டை. ஒன்றில் கிழட்டு மாடு நின்றது. மற்றக் கட்டையில் விறகு சாய்த்திருந்தார்கள்.

"சின்னவ?" என்றேன்.

"சீகிரியா பக்கம் ஒருத்தருக்குக் குடுத்தது. நல்ல மனுசன். நல்லாப் பாக்கிறார்."

"தப்பு என்னோடது நானா."

"டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். சீனி போட்டிருந்தார்கள். நான் சீனி போடுவதில்லை. அன்று குடித்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். ஐஸ் யாருடைய யோசனை என்பதையும் சொல்லி, குறிப்பில் திருத்தச் சொன்னேன். நானாவைத் திரும்பச் சேர்க்க யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சண்டை போடவாவது கிடைத்திருக்கும்.

அடுத்த நாள் காலை அவர் கேனோடு வந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், மீட்டர் வேண்டாம் நானா, ஊற்றுங்கள் என்றேன்.

"போடுங்க தங்கச்சி," என்றார். "எல்லாரும் பாக்கப் போடுங்க."

போட்டேன். மீட்டர் நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். பிறகு டேங்கில் ஊற்றுவதற்காக, பழைய பழக்கத்தில் அவர் கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அதற்குத் தேவை இருக்கவில்லை, கேன் பாதிதான். ஒரு கையாலேயே தூக்கிவிட்டேன்.