அறுபத்தொன்றுக்கு ஓர் இடம்

இந்த நாட்டில் பிள்ளையின் பள்ளி இறுதிப் பரீட்சை முடிவு பிள்ளையின் தொலைபேசிக்குத்தான் வருகிறது. பெற்றோர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு டிசம்பர் காலை, மெல்பேர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டில் நானும் மனைவி வதனியும் அப்படித்தான் நின்றோம். மகள் துளசி கதவைத் திறந்து, "சிக்ஸ்டி ஒன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நூறுக்குக் கிட்ட எடுத்தவர்களின் பெயர்கள் மத்தியானமே வாட்சப் குழுக்களில் வரத் தொடங்கின.

யாழ்ப்பாணத்தில் எங்கள் முடிவுகளைப் பள்ளிப் பலகையில் ஒட்டினார்கள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன எனக்கு அன்று வேறு வழி தெரியவில்லை; படிப்பை விட்டேன். அந்தப் பலகையின் முன் நின்ற என் பதினெட்டு வயது, துளசியின் முடிவு வந்தபின் மூன்று கிழமை என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. துளசி விரும்பிய சமூகப்பணிப் படிப்புக்கு மெல்பேர்னில் அவள் புள்ளி போதவில்லை. வேலைத்தளத்துச் சாப்பாட்டு இடைவேளைகளில் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களைத் தேடினேன். உதவித்தொகை என்றாலே கெட்டிக்காரருக்குத்தான் என்று நினைத்திருந்தவன் நான். நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் ஒரு சிறிய பல்கலைக்கழகம், புள்ளியை மட்டும் பார்க்கமாட்டோம், விடுதிச் செலவிலும் உதவுவோம் என்று போட்டிருந்தது.

அழைத்தேன். மகள் பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறாள் என்று ஒரு பெண் கேட்டார். வெளிப்பழக்கம் ஒன்றுமில்லை, பள்ளி விட்டால் வீடுதான், நல்ல பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் கடினம் என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற துளசி கையை நீட்டினாள். "அப்பா, அவ கேட்டது அதில்லை. ஃபோனைத் தாங்கோ."

அவள் பேசியதைக் கேட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில், ஆங்கிலம் மறந்துபோன தமிழ் அம்மாக்களுக்கும் தாதிகளுக்கும் இடையில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறாள். காரில் கொண்டுபோய் விட்டவனே நான்தான். அந்த நேரத்தில் படித்திருந்தால் எழுபது வந்திருக்கும் என்று ஏசியவனும் நான்தான்.

இல்லத்தின் தலைமைத் தாதி கடிதம் எழுதிக் கொடுத்தார். ஜனவரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. வதனிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அவ்வளவு தூரம் விடுறதோ?"

"நாங்கள் இதைவிடத் தூரம் வந்தனாங்கள்."

"நாங்கள் விரும்பி வரேல்லை."



பெப்ரவரியில் மூவரும் மாநில எல்லையான மரே ஆற்றைக் கடந்து போனோம். விடுதியின் அறைக் கதவுகளில் பெயரும் ஊரும் எழுதிய அட்டைகள். 'துளசி, மெல்பேர்ன்' என்றிருந்ததை அவள் இரண்டாம் முறை பார்க்கவுமில்லை. பக்கத்து அறைக்குத் தன் மகளின் பெட்டிகளைச் சுமந்து வந்த விவசாயி ஒருவர் எனக்குக் கைகொடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். மெல்பேர்ன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அந்தப் பதில் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை.