பசி கேட்டுப் போனவள்

இரைப்பையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு என் செருப்பைப் பற்றியது. அறை வாசலில் விட்டிருந்தேன், புதுசு, யாராவது மாட்டிக்கொண்டு போயிருப்பார்களோ என்று. அழுதது என் கணவர்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர் அப்படி அழுவார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது.

தை மாதம் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஒன்று புரிந்தது. எனக்குப் பசியே இல்லை. காலையிலும் இல்லை, ராத்திரியும் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தினவள் நான். “இனிமே கட்டுறதுக்கு வயிறே இல்லை” என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

என் கணவரின் தங்கை சாந்தி லால்குடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். குழைந்த சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே அலைவாள். “அண்ணி, இன்னும் ஒரு வாய்ங்க.” நான்காவது வாய்க்கு நெஞ்சு அடைக்கும். மீதியை மூடி வைத்துவிடுவேன். தாலிச் சரடு வரைக்கும் கழுத்தில் தொளதொளத்தது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, “இப்படியே இறங்கிக்கிட்டுப் போனா அடுத்து ஏத்தப்போற கீமோ மருந்தை உங்க உடம்பு தாங்காதும்மா. சாப்பிட்டாத்தான் ஆரம்பிக்க முடியும்” என்றார். சாகவும் பயம், சாப்பிடவும் பயம் என்று கிடந்தேன்.

அப்போது மாசிக் கடைசி. சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று முதல் இருபத்தெட்டு நாள் மாரியம்மனே விரதம் இருக்கிறாள். பச்சைப் பட்டினி என்று பெயர். சமைத்த தளிகை கிடையாது. பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான் நைவேத்தியம். பக்தர்களும் மஞ்சள் உடுத்தி அவளோடு சேர்ந்து இருப்போம். கல்யாணமான நாளிலிருந்து நான் தவறவிட்டதில்லை.

“தாயே, எனக்குப் பசியைக் கொடு. உன் பட்டினியில் நானும் கிடக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். பசியைக் கேட்டுப் பட்டினி கிடப்பது எந்த ஊர் நியாயம் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சாந்தி வயலில் உளுந்து எடுக்க ஊருக்குப் போயிருந்தாள். கணவர் ஷிப்டில் இருந்தார். போனில் இருவரிடமும் “சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பானகத்தை ஒரு டம்ளர் நிறைய, வழக்கம்போல ஒரே மூச்சில் குடித்தேன். சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் வியர்வை. சமையலறைச் சுவரைப் பிடித்தது நினைவிருக்கிறது. பிறகு தரையில் கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்து சாந்தி வந்து சேர்ந்தாள். மறுநாள் வரவேண்டியவள், மனசு சரியில்லை என்று கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். அவளை அனுப்பியது யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். இரைப்பை இருந்தால் இனிப்பைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். இல்லாதவர்களுக்கு அத்தனையும் நேராகக் குடலில் போய் விழும், அதில்தான் மயங்கி விழுந்தேனாம். அவர் போனதும் சாந்தி பிடித்துக்கொண்டாள்.

“ஆத்தா எதுக்குப் பட்டினி கெடக்குறா, சொல்லுங்க அண்ணி.”

“மக்களுக்கு நோய்நொடி வரக்கூடாதுன்னு.”

“நமக்காகத்தான அவ கெடக்குறா? அப்புறம் நோயாளி நீங்களும் போய்க் கெடந்தா எப்படி? அவ மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?”

சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கதைதான். நாலு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று உறைத்தது. நோய் வந்ததிலிருந்து அழாதவள், அந்தக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சாந்தி பதறாமல் இட்லியைப் பிட்டுக் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே மென்றேன்.

அதன் பிறகு சாப்பாடு எனக்கு நேர்த்திக்கடன் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் வைத்த அலாரம் மணியடிக்கும். அரை இட்லி, ஒரு கரண்டி தயிர்சோறு, ஒரு முட்டை என்று மாறி மாறி எடுப்பேன். கூழாகும்வரை மெல்லுவேன், தண்ணீரைத் தனியாகக் குடிப்பேன். எடை இறங்குவது நின்றது. பங்குனி முடியும் முன்பே மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அதுவும் சுலபமில்லை. முடி கொட்டியது, விரல்கள் மரத்தன, எதற்கென்றே தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனாலும் முடித்தேன். கடைசி ஸ்கேனைப் பார்த்து, “இப்போதைக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்றார் டாக்டரம்மா. அந்த இப்போதைக்கு எனக்குப் போதும்.

பசி மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. நான் கேட்டதை அம்மன் கொடுக்கவில்லை. பசி இல்லாமலே சாப்பிடுகிற மனசைக் கொடுத்தாள். உங்களில் யாராவது நோயில் கிடந்தால், அவளை நம்புங்கள். நம்புகிறீர்கள் என்பதற்கு அடையாளமாக ஒரு வாய் சாப்பிடுங்கள்.

இந்த மாசியில் சமயபுரம் போயிருந்தேன். எங்கே பார்த்தாலும் மஞ்சள் புடவை. தரிசனம் முடிந்து வெளியே நிழலில் உட்கார்ந்தபோது போன் மணியடித்தது. டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா, விரதம் இல்லையா?”

“இல்லீங்க. எனக்கும் சேத்து அவ இருக்குறா” என்று கோபுரத்தைக் காட்டிவிட்டு, அடுத்த வாயை எடுத்தேன்.