பதினோரு வருஷம் பிரணீத்தாக இருந்தவன்

யாதகிரி செய்த தொழிலை ஹைதராபாத் எஸ்.ஆர். நகரில் எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். டல்லாஸில் பிரணீத் என்பவன் வேலையில் இருந்தான். அந்த வேலையை இங்கே மாடி அறையில் உட்கார்ந்து இவன் செய்தான். ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். ஒவ்வொரு வரியும் இவன் எழுதியது, பெயர் மட்டும் அவனுடையது. பதவி உயர்வும் அவனுக்கே. பதினோரு வருஷம் இப்படியே ஓடிற்று.

சங்கராந்தி முடிந்த கையோடு பிரணீத் கழற்றிவிட்டான். "அண்ணா, இப்ப மிஷினே எழுதிக் குடுத்துடுது. தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறென்ன செய்வது? நாற்பத்திரண்டு வயசில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "பதினோரு வருஷம் எங்க சார் இருந்தீங்க?" கடைசியாக மாதாபூரில் ஒரு கம்பெனி இரக்கப்பட்டது. மிஷின் எழுதுவதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுபவக் கடிதம் கொண்டுவந்தால் வேலை.

வியாழன் காலை பிரணீத்தே கூப்பிட்டான். குரலில் உயிரில்லை.

"அண்ணா, பாதிப் பேரைத் தூக்கறாங்க. நான் எழுதினதை நாளைக்கு நானே விளக்கணுமாம். பொறந்த தேதியும் குடும்பப் பேரும் ஒண்ணா இருந்தாலும், ஒரே நோயாளின்னு சேர்க்காம ப்ரோகிராம் ஒரு இடத்துல நிக்குதே, அது ஏன்? மிஷினைக் கேட்டேன், தேவையில்லாத வரிங்குது."

"சொல்றேன். முதல்ல எனக்கு ஒரு கடிதம் குடு. உன்கூட வேலை பார்த்தேன்னு ரெண்டு வரி போதும்."

"ஐயோ அண்ணா! அப்ப நான் யாருன்னு ஆபீஸ்ல கேப்பாங்களே! வேணாம், விடுங்க. ஏதோ தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிக்கறேன்."

யாதகிரிக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், இருக்கவில்லை.

"தெரியாமலா? அடேய், ரெட்டைக் குழந்தைங்கடா அது! பொறந்த அன்னிக்குப் பேரே வெச்சிருக்க மாட்டாங்க. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா ஒண்ணுக்கு மருந்தே போகாது. மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினேன், தெரியாமலாம்!"

மறுமுனையில் அவசரமாகத் தட்டி எழுதிக்கொள்ளும் சத்தம். பிறகு பிரணீத் ஒத்திகை பார்த்தான்: "ரெட்டைக் குழந்தைங்களை மனசுல வெச்சுத்தான்... நான்... இதை எழுதினேன்."

கடிதம் வராது என்று யாதகிரிக்குத் தெரிந்துவிட்டது. மாதாபூரும் போயிற்று. ஆனாலும் அந்தத் தடுமாற்றத்தைக் காதால் கேட்கச் சகிக்கவில்லை. அவனைத் திருத்தித் திருத்தியே பழகிவிட்டது.

"'நான்'னு சொல்றப்போ இழுக்காதே தம்பி," என்றான். "சந்தேகப்படுவாங்க."