கூடையில் இல்லாத பெயர்

ஊரப்பாக்கம், வெள்ளிக்கிழமை, காலை 6.20. செங்கல்பட்டுக்கு டிக்கெட் பத்து ரூபாய். அங்கே இறங்கி ஒரு பக்கம் திரும்பினால் மருத்துவமனை. இன்னொரு பக்கம், திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகிற பேருந்துகள். கைப்பையில் வழிக்கொரு தாள் வைத்திருந்தேன். ஒன்று, என் இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு உருண்டு நிற்கும் கட்டியை ஊசி வைத்துச் சோதிக்க, இன்று மதியம் ஒரு மணிக்குள் வரச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. மற்றது, எங்கள் சபைப் பெண்கள் சங்கம் சதுரங்கப்பட்டினத்தில் நடத்தும், ஈஸ்டருக்கு முந்தைய லெந்துகாலத் தியான நாளுக்கு நான் எழுதி வைத்த பாட்டு வரிசை.

அந்தச் சோதனை வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். முதல் வெள்ளியில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இரண்டாம் வெள்ளியில் மகனின் இன்டர்வியூவுக்காக உபவாச ஜெபம். இது மூன்றாம் வெள்ளி. சங்கத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பது இருபது வருடமாக நான்தான். வீட்டில் கட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். பெட்டி திடீரென்று வெளிச்சமானது. பரனூர் தாண்டி கொளவாய் ஏரி வந்தது. நீர் அசையவில்லை. அதன் மேல் ஒற்றை நாரை, எங்கே இறங்குவது என்று தெரியாததுபோல, வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. நான் முடிவு செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அடுத்த வெள்ளி போகலாம். கட்டி எங்கே ஓடிவிடப் போகிறது?

காலை 7.05, செங்கல்பட்டு. படியிறங்கும்போதே சங்கத்தின் செயலாளர் கிரேசி அக்கா போனில். "எங்கம்மா இருக்க? நீ வந்து பாட்டு எடுத்தாதான் கூட்டமே களை கட்டும்." மருத்துவமனைப் பக்கம் தலையைத் திருப்பாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருக்கழுக்குன்றம் மலை வலப்பக்கம் வந்தது, பின்னால் போனது. அதற்கப்புறம் வயல், செங்கல் சூளை, வயல். பிறகு காற்றில் உப்பு.

காலை 8.40. கல்பாக்கத்தில் இறங்கிச் சதுரங்கப்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்தேன். கொஞ்ச தூரம்தான், நாற்பது ரூபாய்.

"கோட்டையாக்கா?" என்றார் ஓட்டுநர்.

"சர்ச்சுக்கு. ஜெபக் கூட்டம்."

"அப்ப நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுடுக்கா. நாளைக்கு எஃப்சி. கரெக்டா தேதிக்குக் காட்டணும், இல்லன்னா ரோட்ல வுட மாட்டாங்க. பிரேக்கு, லைட்டு, எல்லாம் தட்டிப் பார்ப்பாங்க."

போடுகிறேன் என்றேன். என் கை, தானாக, கைப்பையை இடது மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

கூட்டம் ஒன்பதரைக்குத்தான். அதற்குள் டச்சுக் கோட்டைக்குள் ஒரு சுற்று நடந்தேன். சிதைந்த செங்கல் சுவர், உள்ளே சின்னதாய் ஒரு கல்லறைத் தோட்டம். படுத்துக் கிடக்கிற கற்களில் ஆழமாக வெட்டிய எழுத்துகள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. ஆனால் பெயர்கள் என்று மட்டும் தெரிந்தது. கடல் கடந்து வந்து செத்தவர்களின் பெயரை யாரோ உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக வெட்டியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அலை ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

காலை 9.30. குப்பத்தை ஒட்டிய சின்ன ஆலயம், தகரக் கூரை போட்ட கூடம். எங்கள் சபையிலிருந்தும் இந்த ஊரிலிருந்தும் முப்பது பெண்கள் இருப்போம். இரண்டு பாட்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு கூடை வந்தது. லெந்து தோறும் எங்கள் வழக்கம் அது: ஆளுக்கொரு சீட்டில் ஜெபக் குறிப்பு எழுதிக் கூடையில் போடுவோம். பிறகு ஒவ்வொருத்தியும் ஒரு சீட்டை எடுத்து, ஈஸ்டர் வரைக்கும் அதற்காக ஜெபிக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இந்த ஊர்க்காரி, பாக்கியம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடுக்கா. கண்ணாடி வூட்ல கீது."

"சொல்லுங்க."

"பாக்கியம். முட்டி வலி. எழுதிட்டியா? மத்தியானத்துல ஒரு மணி நேரம், யாரும் கூப்புடாம தூங்கணும். அதையும் எழுது."

"பசங்களுக்கு எதுவும் வேணாமா?"

"அதுங்களுக்கு வாயி இல்லியா? வருசம் பூரா அதுங்களுக்குத்தான் கேட்டுக்கினு கீறேன். இப்டியே போனா ஆண்டவருக்கு எம் பேரே மறந்து பூடும்."

முன்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"நீ இன்னா எழுதன? படி."

படித்தேன். மகனுக்கு வேலை. மாமியாரின் கண். கணவரின் பி.பி. ஆயர் குடும்பம். சபைக் கட்டட வேலை. கடைசியில் அந்த ஆட்டோ.

"ஆட்டோ கூட கீது. நீ எங்கக்கா கீற?"

சீட்டை மேலிருந்து கீழே இன்னொரு முறை விரலால் தடவினேன். உன்னைப்போல் பிறனை நேசி என்று சொன்ன ஆண்டவர், எவ்வளவு என்பதற்கு அளவாக வைத்தது ஒருத்தி தன்மேல் வைத்திருக்கும் அன்பை. எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். அந்த அளவுகோலைத்தான் நான் பரணில் போட்டுவிட்டு, குத்துமதிப்பாக முழம் போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறேன். அதற்குத் தியாகம் என்று பேரும் வைத்திருக்கிறேன். உண்மையில் அது பயம். ஊசிக்குப் பயம், முடிவுக்குப் பயம், நான் படுத்தால் வீடு என்னாகும் என்ற பயம்.

சீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் என் பெயர் எழுதினேன். பக்கத்தில், கட்டி. இரண்டே வார்த்தை. பாக்கியத்துக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க?"

தொட்டுக் காட்டினேன்.

"எப்ப காட்டப் போற?"

"இன்னிக்கு. ஒரு மணிக்குள்ள. செங்கல்பட்டுல."

"இன்னிக்கா?" கூடத்துக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பத்து இருபது. "அப்ப இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"பாட்டு நான்தான்..."

"எழுந்திரு, மொதல்ல."

கிரேசி அக்கா கூடையோடு வந்தார்கள். "இப்பவா கிளம்பற? பாட்டு யாரு எடுக்கறது?"

"நான் எடுக்கறேன்" என்றாள் பாக்கியம்.

"உனக்கு ராகமே நிக்காதே!"

"கேக்கறவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

கிரேசி அக்காவிடம் காதோடு சொன்னேன். அவர்கள் முகம் மாறியது. என் தலைமேல் கை வைத்துவிட்டு, "ஓடு" என்றார்கள். என் சீட்டைக் கூடையில் போடப் போனேன். பாக்கியம் பிடுங்கிக்கொண்டாள். "இது எனக்கு" என்று நான்காக மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள்.

காலை 10.55, கல்பாக்கம் பேருந்து நிலையம். வண்டி கிளம்பியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கட்டி இருக்கிறது என்றேன். "எத்தனை நாளா?" என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். "ஆபீஸ்ல சொல்லிட்டு வரேன்" என்றார். காலையில் பார்த்த அதே வயல், அதே சூளை. மலை இப்போது இடப்பக்கம் வந்தது. தியானத்துக்காகக் கடற்கரை வரை போயும், கடலைக் கோட்டைச் சுவருக்கு மேலாகத்தான் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

மதியம் 12.15, மருத்துவமனை கவுன்ட்டர். இந்த வரிசை எனக்குப் புதிதல்ல. மாமியாரின் கண்ணுக்கு, கணவரின் பி.பி.க்கு, மகனின் உடைந்த கைக்கு நின்றிருக்கிறேன். இந்தப் பச்சைச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரியும்.

"பேஷண்ட் எங்கம்மா?" உள்ளேயிருந்த பெண் நிமிராமல் கேட்டாள்.

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தாள். "கூட யாரு வந்திருக்கா?"

"வந்துகிட்டிருக்கார். வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

அவள் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டாள். இந்த முறை கொஞ்சம் உரக்க, எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

டோக்கன் பதினேழு. நடந்துகொண்டிருந்தது ஒன்பது. பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையிலிருந்த பாட்டு வரிசையைப் பிரித்தேன். இந்நேரம் கடைசிப் பாட்டு. தகரக் கூரைக்குக் கீழே பாக்கியம் ராகம் தப்பிப் பாடிக்கொண்டிருப்பாள். முப்பது பெண்கள் அவள் தப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள். அவள் பர்சுக்குள் நான்காக மடித்த தாளில் நான் இருக்கிறேன்.