ஸ்டியரிங் இல்லாமல் மூன்று நாள்

முப்பது வருடத்துக்கு மேல் லொறி ஓட்டினேன். ஆரம்பத்தில் தோட்டங்களுக்கு உரம் ஏற்றினேன். பிறகு கெப்பெட்டிபொலயில் மரக்கறி ஏற்றி, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் வழியாகக் கொழும்புக்குப் போவேன். கிரகரி வாவியை ஒட்டித்தான் பாதை. ஆனால் அதன் கரையில் ஒரு தடவைகூட இறங்கி நின்றதில்லை. நிறுத்தினால் ஏற்றிய முட்டைக்கோவா வாடும், முதலாளி போன் எடுத்து ஏசுவார்.

ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்பு பட்டது. அதை மூடினேன். எல்லாம் இருட்டு. இடது கண் எப்போதோ போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. சீனி வருத்தம் செய்த வேலை என்றார் டாக்டர். "இது இனி வராது. மற்றதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். லைசன்ஸைப் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போனேன். அங்கே உள்ளே ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை, லைசன்ஸ் இனி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். கொட்டகலையில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. வெளியே போகும் லொறிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஏற்றத்தில் ஒருவன் கியர் மாற்றத் தாமதித்தால் என் கை தானாக அசையும். தேநீரைக் கோப்பையில் ஊற்றினால் பாதி மேசையில் விழும். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியாட்கள் யாருக்கும் கண் போன விஷயமே தெரியாது.

"வீட்டுக்குள்ள ஒக்காந்தே லொறி ஓட்டுறீங்க," என்றாள் மனைவி ஒரு நாள். "எங்கயாவது போயிட்டு வாங்களேன்."

அவள் கோயிலுக்கோ கடைக்கோ போகச் சொல்லியிருப்பாள். நான் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு திட்டம் போட ஆரம்பித்தேன். மூன்று நாள். முதல் நாள் மஸ்கெலியாவுக்குப் பஸ்ஸில் போய் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இரண்டாம் நாள் ரயிலில் பட்டிப்பொல, அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளி, இரவு நுவரெலியாவில் தங்கல். மூன்றாம் நாள் கிரகரி வாவி, பிறகு வீடு.

எழுதுவது சுலபம். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பஸ் என்றால் எனக்கு முன்னால் நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றும் சனியன், அவ்வளவுதான். இப்போது நானே பஸ் ஹோல்ட்டில் நின்று ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டேன். ரயில் நிலையத்தில் சிங்களத்தில் கேட்டு நேரங்களைக் குறித்துக்கொண்டேன். ஹட்டன் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். நுவரெலியாவில் தன் மச்சானின் கடைக்கு மேலே ஓர் அறை இருப்பதாகச் சொன்னார்.

திட்டம் முடிந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு தனியாவா?" என்றாள் மனைவி.

"நா ஓட்டவா போறேன்? ஒக்காந்துதானே போறேன்."

"நா கூட வர முடியாது. பஸ்ஸு ஏறுனா எனக்கு வாந்திதான் வரும்."

மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கொப்பியை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, ஹோர்ட்டன் சமவெளியில உலக முடிவுங்கிற பள்ளத்தப் பாக்கணும்னா விடியக்காலையிலயே அங்க இருக்கணும். நீங்க போற நேரத்துக்கு மூடுபனி மூடிரும்."

"ரயிலு அந்த நேரத்துக்குத்தானே இருக்கு," என்றேன். இராத்திரி ரயிலில் போக எனக்குப் பயம் என்று அவளிடம் சொல்லவில்லை.

மஸ்கெலியா பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் முதல் ஆசனம் கிடைத்தது. அது எனக்கு நல்ல இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை அமுக்கியது. நோர்வூட் தாண்டியபோது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்க காலு ரொம்ப நேரமா பிரேக் அடிக்குது. எனக்கே பயமா இருக்கு."

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"என்னா ஓட்டுனீங்க?"

"லொறி. கொழும்பு லைன்."

"அதான பாத்தேன். நா இந்த ரோட்டுல தெனம் போறவன் அண்ணே. ரோட்ட நா பாக்குறேன், நீங்க வெளிய பாருங்க."

வெளியே பார்த்தேன். காலைச் சும்மா வைத்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைச் சம்மணம் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் கீழே தண்ணீர் வருவதும் மறைவதும் கண்ணில் பட்டன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் அப்போது நீர் குறைந்திருந்தது. கரையில் சேறு வெடித்துக் கிடந்தது. மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் சுவர் ஒன்று வெளியே தெரிந்தது. நான் கீழே இறங்கி, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, வீட்டில் கட்டித் தந்த ரொட்டியைத் தின்றேன். யாரும் என்னைத் தேடவில்லை. நேரத்தைப் பார்க்கவே மறந்து, திட்டமிட்ட பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன்.

இரண்டாம் நாள் ரயிலில் வலது பக்க ஜன்னல் வேண்டும் என்று கொப்பியில் கோடு போட்டு எழுதியிருந்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் ஜன்னல் செத்த கண் பக்கம் வரும். ஆனால் ஏறும்போதே வலது பக்கம் முழுக்க ஆட்கள். இடது பக்கத்தில் எதிரெதிராக இருந்த ஆசனங்களில் ஒரு ஜன்னலோரம் மட்டும் காலி. உட்கார்ந்தேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலவாக்கலை வருமுன் பிடரி இறுகிவிட்டது.

எனக்கு எதிர் ஆசனத்தில், அதே ஜன்னலோரம், என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, மடியில் கைக்குழந்தையோடு இருந்தாள். "கழுத்து வலிக்குதா மாமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஏனோ சொல்லிவிட்டேன். "எனக்கு இடது கண்ணு தெரியாதும்மா. போன வருசம் போயிருச்சி."

பாவப்பட்டு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நீங்க இங்க ஒக்காருங்க. பின்பக்கமா பாத்து ஒக்காந்தா ஜன்னலு ஒங்க வலது பக்கம் வருமில்ல?"

நான் எத்தனையோ வருடம் பாதையில் கிடந்தவன். எனக்கு இது தோன்றவில்லை. இடம் மாறி உட்கார்ந்தேன். லொறியில் என் கண்ணெல்லாம் எதிரே வரப்போவதில்தான் இருக்கும். இங்கே எதுவும் என்மேல் பாய்ந்து வரவில்லை. தேயிலை மலைகளும், தொழிலாளர் லயன்களும், துணி காயும் கம்பிகளும் என்னைத் தாண்டிப் போய், மெதுவாகச் சின்னதாகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் வேண்டிய மட்டும் பார்க்க முடிந்தது. அவள் நானுஓயாவில் இறங்கினாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

பட்டிப்பொலயில் இறங்கியபோது குளிர் எலும்பில் ஏறியது. மகள் சொன்னதுதான் நடந்தது. வேனில் மேலே போய்ச் சேர்ந்தபோது காலையில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த அதிகாரி, உலக முடிவு வரை போய்த் திரும்ப நேரம் போதாது, போனாலும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். ஓடை வரை போய்வரலாம் என்றார்.

குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். முன்னால் பத்தடிதான் தெரிந்தது. மூடுபனியில் லொறி ஓட்டியிருக்கிறேன், ஆனால் நடந்ததில்லை. ஓடையில் கற்கள் வரிசையாகக் கிடந்தன. முதல் இரண்டு சரியாக வந்தன. மூன்றாவது பக்கத்தில் இருப்பதாகக் கண் சொன்னது. கால் போய் இறங்கியது தண்ணீரில். முழங்கால் அளவு ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

அடி ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கரையில் ஏறிச் சப்பாத்தைக் கழற்றினேன். அப்போதுதான் அழுகை வந்தது. லைசன்ஸ் போன நாளில் வரவில்லை, டாக்டர் சொன்ன நாளிலும் வரவில்லை. சுற்றிலும் ஆள் இல்லை. அடக்க வேண்டிய தேவையும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்த பிறகு முகத்தைக் கழுவினேன், காலுறையைப் பிழிந்தேன். நின்ற இடத்திலிருந்து எதிர்க்கரைப் புல்வெளியில் ஒரு மரை மான் மேய்வது தெரிந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியாது. ஆனால் நன்றாகத் தெரிந்தது.

அன்று மாலை நுவரெலியாவில், நானாவின் மச்சான் வீட்டில் சுடச்சுடக் கஞ்சியும், ஈரத்தை மாற்றி உடுத்த உலர்ந்த சாரமும் கொடுத்தார்கள். மனைவிக்குப் போன் செய்து, எல்லாம் நல்லது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கிரகரி வாவியில் படகுக்காரர் எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டார். "இடது கண் தெரியாது, கரை வலது பக்கம் வருவது போல உட்கார்த்துங்கள்" என்றேன். சிங்களத்தில் சொன்னபோது இன்னும் இலகுவாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகைத் திருப்பி வைத்தார். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் அந்த ஊர் இவ்வளவு அகலமானது என்று தெரிந்தது. பாதையிலிருந்து பார்த்தால் அது ஒரு வளைவு மட்டுமே.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். மனைவி சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முதன்முதலாக, தேநீர் ஏன் மேசையில் விழுகிறது என்பதையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே ஊத்தி கோப்பைய ஒங்க கையிலயே குடுத்திருப்பேனே," என்றாள்.

பிறகு ஓடையில் விழுந்த கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.