சொல்லத் தெரிந்தவர்

ஆஸ்பத்திரியில் அவருக்குக் ‘கல்லு’ என்று பெயர். ஆறாவது வார்டு உதவியாளர். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, படுக்கை மாற்றுவது, உயிர் போன உடம்பைத் துடைத்துத் துணி போர்த்துவது எல்லாம் இருபத்து மூன்று வருஷமாக அவர் கைதான். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. சொந்த அப்பா செத்த அன்றைக்கே வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். “உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதுங்க” என்பாள் மனைவி. அப்படித்தான் போல என்று அவரும் நம்பிவிட்டார்.

ஒருநாள் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று கூட்டி உட்காரவைத்தார்கள். டை கட்டிய ஒருவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ‘உங்கள் குணத்தில் உங்களுக்குப் பலம் எது?’ என்று எழுதச் சொன்னார். கல்லு பேனாவைக் கடித்துக் கடித்து யோசித்து, ‘நூறு கிலோ ஆளையும் தனியாகத் தூக்குவேன்’ என்று எழுதிக் கொடுத்தார். டைக்காரர் அதைப் படித்துக் காட்டியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: ‘உண்மையைச் சொல்வார். சொல்லிவிட்டு ஓடமாட்டார்.’

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. டாக்டர் கேட்பவர்களுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி எதையோ சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். சொந்தக்காரர்கள் கல்லுவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “அண்ணே, என்ன சொல்றாங்க?” அவர்களை பெஞ்சில் உட்காரவைத்து, “பொழைக்க மாட்டாங்கம்மா. இன்னிக்கோ நாளைக்கோதான். பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க” என்பார். அலறுவார்கள், சட்டையைப் பிடித்து உலுக்குவார்கள். அத்தனையையும் வாங்கிக்கொண்டு நிற்பார். ஈரமில்லாதவனால் அப்படி நிற்க முடியாது என்று ஐம்பது வயதில்தான் அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்து வார்டிலிருந்தும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பலம் தெரிந்து என்ன புண்ணியம்? சொந்த வீட்டில் தேவைப்பட்டபோது அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். முற்றிவிட்டது, மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் அவரை வெளியே அழைத்துச் சொன்னார். கூட இருந்த மனைவியின் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, அக்கா காதுல போட்டுடாதீங்க. கேட்டா அந்த நிமிஷமே உசிரு போயிடும். வயித்துப்புண்ணுன்னு சொல்லிடுவோம்.” எல்லாக் குடும்பமும் செய்கிற காரியம்தான். தன் வார்டில் எத்தனையோ பேரிடம் “மறைக்காதீங்க” என்று மன்றாடியவர், சரி என்று தலையாட்டினார்.

அவளுக்கு ஒரே மகனோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனவன். அப்பாவிடம் மட்டும் போனில் பேசுவான்.

“அம்மாவுக்கு என்னப்பா? நான் வரட்டுமா?”

“வெறும் புண்ணுடா. சரியாயிடும். லீவைக் கெடுத்துக்காத.”

திடுதிப்பென்று மகன் வந்து நின்றால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்ற பயம். அவளோ படுத்தபடியே முறுக்கிக்கொள்வாள். “என் உடம்பு தேறட்டும். அவனே வந்து கால்ல விழட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.” காலம் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் வீம்பு பிடித்தாள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சை அறுத்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு காலையில் மாத்திரை நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள்.

“புண்ணுக்கு இம்புட்டு வலியாங்க? ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”

சொல்லிவிட்டார். நோய் என்ன, எத்தனை நாளாகத் தெரியும், இனி எத்தனை நாள் இருக்கும், எல்லாவற்றையும். அந்த நிமிஷமே உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த வீம்பையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பேனே. போனைப் போடுங்க.”

“வாடா” என்றாள் மகனிடம். வேறு எதுவும் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் அன்றைக்கே கிளம்பினான். வந்து சேர இரண்டு நாளாயிற்று. முந்தின நாளே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. “அம்மா, அம்மா” என்று அவன் எத்தனை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

பையைக்கூடக் கீழே வைக்காமல் மகன் திரும்பினான்.

“உங்களுக்கு எப்பப்பா தெரியும்?”

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மச்சினன், ‘இப்பதான்னு சொல்லுங்க’ என்று கண்ணைக் காட்டினான். அப்படிச் சொல்லியிருந்தால் மகனாவது மிஞ்சியிருப்பான். அது அவருக்கும் தெரியும்.

“ரெண்டு மாசமாத் தெரியும். நீ வரட்டுமான்னு கேட்டப்பவும் தெரியும்டா.”

மகன் கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துக் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் அவள் போனாள். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது தாய்மாமனிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். கல்லு அவன் பின்னாலேயே தெருமுனைவரை நடந்துபோய், வண்டி கிளம்பும்வரை ஜன்னல் பக்கத்திலேயே நின்றார். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.