முன் பிரேக் நடுக்கம்

நான் நண்டுச் சதை எடுப்பவள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையை உருவி, அதற்குள் ஓட்டுத்துண்டு ஏதும் கிடக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. மயிரளவு துண்டும் என் விரலுக்குத் தப்பாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. இருக்கிற பெருமையை ஒளித்து வைக்க நான் என்ன புனிதையா?

எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் குருநகர்க் கோயில் பெருநாளை ஒட்டி நடக்கும் விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டி வைப்பார்கள். இருபக்கச் சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டாமல், கால் ஊன்றாமல், எல்லோருக்கும் கடைசியாகப் போய்ச் சேருகிறவருக்குத்தான் பரிசு. சோறு வேகும்வரை பொறுமையில்லாத நான் அதில் மட்டும் ஆமையாகிவிடுவேன். வெளிநாடு போன தம்பி விட்டுவிட்டுப் போன மவுண்டன் சைக்கிள் கைக்கு வந்த வருடமே முதலாவதாக வந்தேன். தடித்த ரயர், தொட்டால் பிடிக்கும் டிஸ்க் பிரேக். முன் பிரேக்கை விரலால் மெல்ல அமத்தி விட்டு, அமத்தி விட்டு, சைக்கிளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் என் வித்தை.

அடுத்த வருடம் அந்த வித்தையே என்னைக் கவிழ்த்தது. முன் பிரேக்கைத் தொட்டதும் ஹாண்டில் கடகடவென்று நடுங்கியது. சமாளித்துப் பார்த்தேன். இன்னொரு முறை தொட்டேன். முன் சில்லு ஒரு பக்கம் துள்ள, எல்லைக் கோட்டுக்கு நாலு முழம் இருக்கையில் கால் நிலத்தில் ஊன்றிவிட்டது. கொழும்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட என் மச்சாள், என் மனுசனின் தங்கை, எனக்குப் பின்னால் ஆடி அசைந்து வந்து பரிசை எடுத்துக்கொண்டாள்.

“சைக்கிள் நடுங்குது” என்றேன்.

“ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்!” என்று அவள் சிரித்தாள். “சைக்கிள் இல்லை மச்சாள், உங்கடை கைதான் நடுங்குது. வயசு போட்டுது, ஒத்துக்கொள்ளுங்கோவன்.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றி எரிந்தது. அதைவிட மோசம், பயமாகவும் இருந்தது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்தது. முதலில் செபமாலை மணி விரலுக்குள் நிற்கவில்லை. பிறகு கோப்பை நிற்கவில்லை. கை நடுங்கினால் எனக்கு நண்டு இல்லை, வேலை இல்லை; நான் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கோப்பை முட்டத் தண்ணீர் வார்த்து, கையை நீட்டிப் பிடித்து, அது அசைகிறதா என்று குசினிக்குள் தனியே நின்று பார்க்கத் தொடங்கினேன். பயத்தோடு பார்த்தால் யாருடைய கைதான் அசையாது?

மனுசனிடம் சைக்கிளைக் கொடுத்து ஓடிப் பார்க்கச் சொன்னேன். அவர் வள்ளத்து எஞ்சின் திருத்துபவர். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். கடற்கரை வரை ஓடிவிட்டு வந்தார்.

“ஒண்டும் இல்லையப்பா. பட்டு மாதிரிப் போகுது.”

“பிரேக் பிடிச்சனீங்களோ?”

“பிடிச்சுத்தான் பாத்தனான். ஒரு நடுக்கமும் இல்லை.”

சைக்கிளில் பிழை இல்லையென்றால் பிழை எங்கே என்று சொல்ல ஆள் தேவையில்லை.

அந்த வார ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது அவர் எனக்கு முன்னால் தன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சந்தியில் நாயொன்று குறுக்கே ஓட, அவர் இடக்கையை மட்டும் இறுக்கிப் பின் சில்லை இழுத்துக்கொண்டு போய் நின்றார். வலக்கை விரல்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. எனக்குப் பொறி தட்டியது.

“என்னப்பா, என்ரை சைக்கிளிலை முன் பிரேக் பிடிச்சுப் பாத்தனீங்களோ?”

“முன் பிரேக்கோ? ஆர் அதைப் பிடிக்கிறது? குப்புற விழவோ?”

எங்கள் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான். முன் பிரேக் என்பது ஆளைத் தூக்கி எறிவதற்கென்றே பூட்டியது என்று நம்புகிறார்கள். அவர் பார்த்த வைத்தியம் அவ்வளவுதான். எனக்குக் கோபம் ஒரு பக்கம், உயிர் திரும்பி வந்தது மறுபக்கம்.

வீட்டுக்கு வந்ததும் சீலை கூட மாற்றவில்லை. முன் பிரேக்கை அமத்தி, நைலோன் கயிற்றால் ஹாண்டிலோடு இறுக்கிக் கட்டினேன். இனி அதில் என் கை இல்லை. பின்னால் போய் நின்று, சீற்றில் கை வைத்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினேன். டொக். மறுபடி தள்ளினேன். டொக். பிரேக்கில் யாருடைய கையும் இல்லாமலே அது நடுங்கியது. முற்றத்தில் நின்று ஓவென்று அழுதேன். சந்தோசத்தில்தான். அவர் பயந்து ஓடி வந்தார்.

பிறகு நண்டில் தேடுவது போலவே தேடினேன். அவரைத் தள்ளச் சொல்லிவிட்டு, சில்லின் நடுவில் விரல் வைத்தேன், அசைவில்லை. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஆணிகளில் வைத்தேன், அசைவில்லை. பிரேக் கட்டையின் கூட்டில், சில்லைத் தாங்கும் கவட்டுக் குழாய்களில் வைத்தேன், அங்கும் இல்லை. ஹாண்டிலுக்குக் கீழே, கவட்டின் தண்டு சட்டத்துக்குள் நுழையும் கழுத்தில் விரலைச் சுற்றி வைத்ததும், சதைக்குள் ஓட்டுத்துண்டு தட்டுப்படுவது போலத் தட்டுப்பட்டது. தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய ஒரு துள்ளல்.

“கழுத்து லூசு. இறுக்கினால் சரி” என்று அவர் ஹாண்டில் நடுவில் இருந்த உச்சி ஆணியை முறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் கிடந்தது. இறுகியும் டொக் நிற்கவில்லை. வள்ளத்து எஞ்சின்காரர் தலையைச் சொறிந்தார்.

“கழட்டுங்கோ” என்றேன்.

கழற்றியதும் தெரிந்தது. நான் முதல் தடவை வென்ற பிறகு, மீனும் பாணும் வாங்கி வர அவர் ஆசையாசையாக முன்னுக்கு ஒரு கூடை பூட்டித் தந்திருந்தார். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத தகடு தேடி, தானே வெட்டி, ஹாண்டிலுக்கு அடியில் செருகியிருந்தார். தகட்டுக்கு இடம் விட, அங்கிருந்த தடித்த வளையத்தை எடுத்துவிட்டார். தகடோ மெல்லியது; வளையம் நின்ற உயரத்தை நிரப்பவில்லை. அதனால் உச்சி ஆணியின் மூடி கழுத்தை அமத்தாமல், உள்ளே நிற்கும் தண்டின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் தண்டுக்குத்தான், கழுத்துக்கு இல்லை.

அவர் உள்ளே போய்த் தன் ஆணிப் பேணியைக் கவிழ்த்து, அந்த வளையத்தைத் தேடி எடுத்து வந்தார். எதையும் எறியாத மனுசன். தகட்டின் மேல் வளையத்தை வைத்தோம். ஹாண்டிலின் பக்க ஆணிகளைத் தளர்த்தி வைத்து, உச்சி ஆணியை அளவாக இறுக்கி, பிறகு பக்க ஆணிகளை இறுக்கினோம். தள்ளிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

“கூடையைக் கழட்டி விடவோ?” என்று மெல்லக் கேட்டார்.

“கிடக்கட்டும். கூடையோடையே வெல்லுறன்.”

இந்த வருடம் வென்றேன். கடைசியில் நானும் மச்சாளும் மட்டும். மைதானத்து ஓரத்தில் நின்று என் மனுசன், “முன்னுக்குப் பிடி, முன்னுக்குப் பிடி!” என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் பிடித்தேன். கூடையில் கிடந்த வீட்டுத் திறப்புக் கோர்வைகூடக் கிலுங்கவில்லை. மச்சாள் பொறுக்க முடியாமல் எனக்கு முன்னால் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனாள்.

பிறகு அவள்தான் எனக்குப் பிளேன் ரீ கொண்டு வந்தாள். கோப்பையை விளிம்பு முட்ட நிரப்பியிருந்தாள், வேண்டுமென்றே. ஒற்றைக் கையால் வாங்கினேன். ஊரே பார்த்திருக்க, மைதானத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் நின்ற என் மனுசனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அவர் கைக்குப் போன பிறகுதான் சிந்தியது.